சின்ன வழக்கு என்று சொல்லாதே, மகன்

கோண்டாவில்

அன்புள்ள மகனுக்கு,

நீ எடுக்கும் அழைப்புகளில் சாப்பாட்டையும் மழையையும் தவிர வேறொரு கதையும் வருவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த அடிபிடியையும், அதனால் உன்மேல் வழக்கு வந்திருப்பதையும் சின்னம்மா சொல்லித்தான் அறிந்தேன், அவளோடு கோபிக்காதே.

அந்தப் பிள்ளைக்கு நீ அடித்தாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அதை உன் சட்டத்தரணியிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொல்லு. ஆனால் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்துவிட்டாய் என்று இதுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் ஒரே வழக்குத் தவணையில் முடிந்துவிடும் என்று உன் அறைப் பிள்ளைகள் சொல்கிறார்களாம். காயப்படுத்தியதற்கான தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவில் ஒரு வருடம்வரை மறியல் தண்டனையும் இருக்கிறது என்பதை அவர்கள் சொன்னார்களா? மறியலுக்குப் போகாவிட்டாலும், ஒப்புக்கொண்டால் குற்றவாளி என்ற தீர்ப்பு உன் பெயரில் விழக்கூடும். நீ நிரப்ப இருக்கும் கனடா விண்ணப்பம் தண்டனை பெற்றாயா என்பதோடு நிற்காமல், கைதுசெய்யப்பட்டாயா, குற்றஞ்சாட்டப்பட்டாயா என்றும் கேட்கும். அதில் பொய் எழுதவும் கூடாது.

இங்கே தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம், உன் பெயரைச் சொல்லாமல், விசாரித்தேன். மற்றப் பகுதி சம்மதித்தால் இப்படியான வழக்கை மத்தியஸ்த சபையில் இணங்கித் தீர்க்க இடமுண்டு என்றார். அது சரிவராமல் குற்றம் நிரூபணமானாலும், ஒருவருடைய வயதையும் நடத்தையையும் முன்னைய வாழ்க்கையையும் கருதி, குற்றத்தீர்ப்பு அளிக்காமலே விடுவிக்க நீதவானுக்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு அதிகாரம் தருகிறதாம். தனியே போய் நின்று ‘ஓம்’ என்று தலையாட்டுகிறவனுக்காக இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வார்கள்?

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவன் நீ என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அந்தப் பட்டதாரி, தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் ஒப்பமிட்டிருக்கிறான் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. இனியாவது விளங்காத எதிலும் ஒப்பமிடாதே. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள். அது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உனக்குத் தந்த உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

தவணையை மட்டும் தவறவிடாதே. வேலை, காய்ச்சல், பஸ் இல்லை என்று நின்றுவிட்டால் பிடியாணை வரும். பிறகு சின்ன வழக்கு என்று எவரும் சொல்லமாட்டார்கள். மாமாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும்.

காசை யோசியாதே, சீட்டுக் காசு கையில் இருக்கிறது. இந்தக் கிழமைக்குள் சட்டத்தரணியைப் பார். தவணைத் திகதியை எழுதி அனுப்பு, முதல்நாள் இரவு பஸ்ஸில் நான் வருகிறேன். வரவேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா