தாய்ப்பூச்சியைச் சோதிக்காமல் முட்டை எடுக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பு பற்றி வந்த குறிப்பு நன்றாகவே இருந்தது, கடைசி இரண்டு வரிகளைத் தவிர. கூட்டைவிட்டு வரும் பூச்சியைத் தோட்டத்தில் பறக்க விடலாமாம். அது இடும் முட்டையை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாமாம்.

பட்டுப்பூச்சிக்குப் பறக்க வராது. பல்லாயிரம் ஆண்டு மனிதர் கையில் வளர்ந்ததில் சிறகைப் படபடக்க மட்டுமே தெரியும். வாயும் பயன்படாது, ஆகவே தேனோ தண்ணீரோ வைக்க வேண்டியதில்லை. புழுப் பருவத்தில் தின்ற மல்பெரி இலையின் சத்தில்தான் சில நாள் ஓடும். தோட்டத்தில் விட்டால் எறும்புக்கும் பல்லிக்கும் தீனி.

முட்டைதான் பெரிய வில்லங்கம். பட்டுப்புழுவைத் தாக்கும் பெப்ரின் என்ற நோயின் கிருமி தாயின் வயிற்றிலேயே முட்டைக்குள் போய்விடும். முட்டையை மேலே ஃபார்மலின் என்ற கிருமிநாசினியில் கழுவினாலும் உள்ளே இருப்பது சாகாது. பார்வைக்கு அந்த முட்டையில் எந்தக் குறையும் தெரியாது. புழு வளரும்போதுதான் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, தோலுரிப்பு முன்பின்னாக, சிலவற்றின் உடலில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளி என்று வெளிப்படும். அதற்குள் அதன் எச்சம் பட்ட இலையைத் தின்று மற்றவையும் நோய் வாங்கியிருக்கும்.

லூயி பாஸ்டர் 1865 முதல் பிரான்சின் தென்பகுதியில் தங்கி இதற்கு வழி கண்டார். முட்டையிட்ட தாயையே அரைத்துப் பார்ப்பதுதான் அந்த வழி. இன்றும் வித்தகங்களில், அதாவது பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில், அதேதான். பூச்சியின் வயிற்றைச் சிறு உரலில் போட்டு, 0.6 சதவீத பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் மசித்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் 600 மடங்கு பெருக்கிப் பார்ப்பார்கள். நீள்வட்டமாகப் பளபளக்கும் பெப்ரின் கிருமியின் வித்துகள் தெரிந்தால் அந்தத் தாயின் முட்டைகள் நெருப்புக்குப் போகும். ‘நோயற்ற முட்டைத் தொகுதி’ என்று விவசாயிகள் காசு கொடுத்து வாங்குவது இந்தச் சோதனையைத்தான். பதிவு இல்லாமல் விற்பனைக்கு முட்டை தயாரிக்கவும் சட்டம் இடம் தருவதில்லை.

இன்னொன்று. இங்கு வெண்பட்டுக்கு வளர்ப்பவை பெரும்பாலும் கலப்பினப் புழுக்கள். கலப்பின மக்காச்சோளத்தில் விதை எடுத்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கும்: அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது.

வகுப்பில் ஒரு தலைமுறை மட்டும் காட்டுவதானால் தாராளமாகச் செய்யலாம். கூடு கட்டி ஒரு வாரம் ஆகும்வரை தொடக்கூடாது. உள்ளே கூட்டுப்புழுவின் தோல் இளசாக இருக்கும், அழுத்தினால் கிழிந்துவிடும். கூட்டுப்புழுவாக மாறிய பத்துப் பன்னிரண்டு நாளில், பெரும்பாலும் விடியற்காலையில், பூச்சி ஒரு சாற்றால் கூட்டின் முனையை இளக்கிக்கொண்டு வரும். வந்ததும் பழுப்பு நீரைக் கழிக்கும், அடியில் பழைய செய்தித்தாள் போட்டு வையுங்கள். வயிறு பெருத்து ஓரிடத்தில் இருப்பது பெண். உணர்கொம்பை விரித்துச் சிறகடித்துச் சுற்றிச் சுற்றி வருவது ஆண். மூன்று நான்கு மணி நேரம் இணைந்திருந்தால் போதும். பிறகு பிடித்து இழுக்காமல் மெல்லத் திருகிப் பிரிக்கவும். பெண்ணைத் தாளின்மேல் விட்டு, இருட்டாகக் கிண்ணத்தால் மூடினால் ஒருநாளில் 400, 500 முட்டை இட்டுவிடும்.

வெண்பட்டு இன முட்டை இரண்டு மூன்று நாளில் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, சாம்பல் நிறத்துக்கு மாறினால் அது உறக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பத்து நாளில் பொரியவில்லையே, செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வித்தகத்தில் இருபது இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அமிலத்தில் நனைத்து இந்த உறக்கத்தைத் தடுப்பார்கள். அது பள்ளியில் செய்யத்தக்க வேலையல்ல. மஞ்சளாகவே இருந்து குழிந்து போவது கருவுறாத முட்டை.

காட்டி முடித்ததும் பூச்சி, முட்டை, கழிவு இலை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டு என்றால் 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரும் 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து ஊறப்போட்டு வெயிலில் காயவைக்கவும். திறந்து கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும், அதை நம்ப வேண்டாம்.

வாசகர், தருமபுரி