செயலாளரின் ஆண்டறிக்கை: கன்ட்ரி கேப்டன் எந்த ஊர்ச் சமையல்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழாவும் சித்திரைத் திருநாளும் குறைவின்றி நடந்தேறின. தமிழ் வகுப்புகள் தடைப்படவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டின் பெரும்பகுதி நம்மை ஆட்கொண்டிருந்தது, கன்ட்ரி கேப்டன் என்னும் கோழி உணவு எங்கே பிறந்தது என்ற விவாதம்தான் என்பதால், அதை முழுமையாகப் பதிவு செய்வதையே இவ்வறிக்கையின் முதற் கடமையாகக் கருதுகிறேன்.

நாம் வாழும் அமெரிக்க ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்து அண்டை வீட்டாரை அழைத்து ஒரு விருந்து வைக்கலாம் என்று தை மாதக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அப்போது, பெரம்பூரில் வளர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர், ஜார்ஜியாக்காரர்கள் தங்கள் சொந்தச் சமையல் என்று கொண்டாடும் கன்ட்ரி கேப்டன் கோழியின் பெயரைத் தாம் சிறுவயதிலேயே பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் கேட்டதாகச் சொன்னார். அழைப்பிதழில் ‘சென்னையில் பிறந்த உணவு’ என்று அச்சிட வேண்டும் என்று சிலரும், விருந்துக்கு அழைத்துவிட்டு உரிமை கொண்டாடுவது முறையன்று என்று சிலரும் வாதிட்டதால், ஆய்வுக் குழு ஒன்று சான்றுகளைத் திரட்டிய பிறகே முடிவெடுப்பது என்று தீர்மானித்தோம்.

இங்கு சமைக்கப்படும் முறை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. கோழித் துண்டுகளை மாவில் புரட்டிப் பொரித்து, வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, தக்காளி, கறித்தூள், தைம் இலை சேர்த்து வேகவைத்து, உலர்ந்த கருந்திராட்சையும் வறுத்த பாதாமும் தூவிச் சோற்றோடு பரிமாறுகிறார்கள். இதன் பிறப்புக்கு ஜார்ஜியாவின் இரு நகரங்கள் உரிமை கோருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழை நாடுகளிலிருந்து வந்த ஒரு கப்பல் தலைவர் தம்மை உபசரித்த வீட்டாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார் என்பது சவான்னா துறைமுகத்தார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. கொலம்பஸ் நகரத்தாரோ, வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுநீர்ச் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்குத் தங்கள் ஊர்த் திருமதி புல்லர்ட் படைத்த விருந்தைச் சொல்கிறார்கள். 1940இல் ஃபோர்ட் பென்னிங் படைமுகாமுக்கு வந்த தளபதி பேட்டன் இவ்வுணவின் மீது கொண்ட விருப்பமும் இங்கு பெயர் பெற்றது. பிற்காலத்தில் அமெரிக்கப் படையினரின் உணவுப் பொதிகளில் இது இடம்பெற்றதற்கு அவர் நினைவே காரணம் என்கிறார்கள்.

இவ்விரு கோரிக்கைகளும் பிறப்பிடத்தை நிறுவவில்லை என்பதே ஆய்வுக் குழுவின் முடிவு. நானும் அதை ஏற்கிறேன். 1857இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த எலைசா லெஸ்லி வெளியிட்ட சமையல் நூலிலேயே கன்ட்ரி கேப்டன் இருக்கிறது. அங்கேயே இது கிழக்கிந்திய உணவு என்று அவர் எழுதிவிட்டார். அவர் கேட்கும் பொருள்கள் கோழி, வெங்காயம், கறித்தூள் அல்லது மஞ்சள், வெண்ணெய், விரும்பினால் துருவிய தேங்காய், அவ்வளவே. தக்காளி இல்லை, திராட்சை இல்லை, பாதாம் இல்லை. மஞ்சளும் தேங்காயும் இட்டு வறுத்த கோழி என்று குழுவினர் படித்துக் காட்டியபோது, அவையிலிருந்த அம்மாக்கள் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் மறக்கமாட்டேன்.

பெயருக்கு லெஸ்லி அம்மையார் தரும் விளக்கத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. ஆங்கிலேயரிடம் ஊதியம் பெற்ற சிப்பாய்ப் படைகளின் தலைவரையே இப்பெயர் குறிக்கிறது என்கிறார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இந்தியருக்குக் கிடைத்த பதவிகள் சுபேதார், ஜமேதார் என்பவையே. கேப்டன் பதவி அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆங்கிலோ இந்தியச் சொற்களுக்காக 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி தரும் விளக்கம் இதைவிடப் பொருத்தமானது. இந்தியத் துறைமுகங்களுக்கும் சீனம் முதலிய கீழை நாடுகளுக்கும் இடையே தனியார் நடத்திய வாணிகத்துக்குக் ‘கன்ட்ரி’ வாணிகம் என்றும், அக்கப்பல்களின் தலைவர்களுக்குக் கன்ட்ரி கேப்டன் என்றும் பெயர் இருந்தது. அவர்கள் விரும்பி உண்டதால் உணவுக்கு அப்பெயர் வந்திருக்கலாம் என்கிறது அகராதி. சீனத்தின் கான்டன் நகரில் வாழ்ந்த அமெரிக்க வணிகர் ஹன்டரும், அந்நகரை அடுத்த வாம்போவா துறையில் நின்ற கப்பல்களில் இவ்வுணவு பரிமாறப்பட்டதை 1882இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே ‘கன்ட்ரி’ என்பதன் பொருள் தமிழருக்கு உடனே விளங்கும். சீமையிலிருந்து வந்ததைச் சீமை என்றும் உள்ளூரில் விளைந்ததை நாட்டு என்றும் நாம் பிரித்துச் சொல்கிறோம். நாட்டுக்கோழி, நாட்டு ஓடு, நாட்டுச் சர்க்கரை என்ற வரிசையில் அந்தக் கப்பல் தலைவரையும் நிறுத்திப் பார்த்தால் குழப்பம் தீர்கிறது.

அதே அகராதி, வங்காளத்தில் இப்பெயர் ஒருவகை வறட்டுக் கறியைக் குறிக்கிறது என்றும், சென்னையில் பிளந்து விரித்த இளங்கோழியை வெங்காயமும் கறி மசாலையும் இட்டுச் சமைப்பதைக் குறிக்கிறது என்றும், இரண்டில் சென்னை வடிவமே மூல வடிவமாக இருக்கக்கூடும் என்றும் சொல்கிறது. தொகுத்த இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; நம் பக்கத்தை நன்கறிந்தவர். ஆயினும் ‘இருக்கக்கூடும்’ என்ற சொல்லை நாம் விழுங்கிவிடக்கூடாது என்று குழுவினர் வற்புறுத்தினார்கள். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து புறப்பட்ட ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்னும் கப்பல் 1784 டிசம்பரில் பாண்டிச்சேரியை அடைந்தது என்ற செய்தியை இளைஞர் அணியினர் உற்சாகமாக எடுத்துவைத்தனர். சமையல் பயணப்பட வழி இருந்ததை அது காட்டுகிறதே தவிர, அந்த வழியாகத்தான் வந்தது என்று காட்டவில்லை.

ஒரு கூட்டத்தில் எழுந்த கேள்வி என்னை இன்னும் விட்டபாடில்லை. பிறப்பிடத்தைப் பற்றி இத்தனை பேசும் நாம், சமைத்த கைகளைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சென்னையில் வெள்ளையர் வீட்டு அடுப்படிகளில் நின்றவர்கள் நம்மவர்களான சமையற்காரர்கள். ஜார்ஜியாவின் செல்வர் வீட்டு அடுப்படிகளில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். விருந்து படைத்த சீமாட்டியின் பெயர் நூல்களில் நிற்கிறது. கிளறியவர் பெயர் அங்கே அரிதாகவே நிற்கிறது. இந்த உண்மையை விட்டுவிட்டு நகருக்கு நகர் உரிமைப் போர் நடத்துவது எனக்கு உடன்பாடன்று.

தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. நம் மிளகாயும் போர்ச்சுக்கீசியர் வழியாக அங்கிருந்து வந்ததே. ஆகவே இன்றைய கொலம்பஸ் வடிவத்தைக் கெட்டுப்போன சென்னைச் சமையல் என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை. அது இந்த மண்ணில் உருவான தனி உணவு.

புரட்டாசி முடிந்தபின் நடந்த விருந்தில் இரண்டு பாத்திரங்கள் வைத்தோம். ஒன்றில் மஞ்சளும் தேங்காயும் இட்ட உலர்ந்த வறுவல். மற்றொன்றில், அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் தம் பாட்டியிடம் கற்றபடி சமைத்துக் கொண்டுவந்த தக்காளிக் குழம்பு. அழைப்பிதழில், செயற்குழு ஒருமனதாக ஏற்ற வாசகமே இடம்பெற்றது: ‘இந்தியக் கடற்கரையிலிருந்து வந்த பெயர், ஜார்ஜியாவில் வளர்ந்த உணவு.’

வரும் ஆண்டில், பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் வாழ்ந்த உறுப்பினர்களின் வீட்டுச் செய்முறைகளை, சமைத்தவர் பெயரோடு எழுதி வாங்கும் பணியைக் குழு தொடங்குகிறது. முதல் குறிப்பேடு இன்று வாசலருகே மேசை மீது வைக்கப்பட்டுள்ளது. பாட்டிமார் பெயர் தெரிந்தவர்கள் உணவுக்குச் செல்லுமுன் எழுதிவிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.

இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்