கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய மகளிர் நல மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஃபைப்ராய்டு எனப்படும், கர்ப்பப்பையில் வளரும் புற்றுநோயல்லாத கட்டிகளால் நான்கு வருடம் ரத்தப்போக்கில் அல்லாடியவள் நான். மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கும். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், "குழந்தைகள்தான் பிறந்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். சரி என்றேன். வேறு வழி இருப்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்?

எடுத்து முடித்து ஒரு வருடம் கழித்துத்தான், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் பற்றிக் கேள்விப்பட்டேன். அது நேற்று வந்த சிகிச்சையும் அல்ல. பாரிஸில் ழாக் ரவினா குழுவினர் 1995-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். அறுவையின்போது ரத்தம் அதிகம் போகாமலிருக்க முன்கூட்டியே ரத்தக்குழாயை அடைத்தவர்கள் அவர்கள். பல பெண்களுக்கு அதிலேயே தொந்தரவு குறைந்து, அறுவையே தேவைப்படாமல் போனது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ சின்னத் துளையிட்டு, மெல்லிய குழாய் வழியே நுண்துகள்களைச் செலுத்துகிறார்கள். ரத்தம் கிடைக்காத கட்டி மெல்லச் சுருங்குகிறது. கர்ப்பப்பை அப்படியே இருக்கிறது.

குறைகளும் உண்டு. முதல் நாள் வலி கடுமையாக இருக்கலாம். நெதர்லாந்தில் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எம்போலைசேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பின்னாளில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியே வந்தது. இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள் நிறைய யோசிக்க வேண்டும். வேறு வழிகளும் உண்டு. கட்டி கர்ப்பப்பையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால், வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியே செலுத்தும் ஹிஸ்டெரோஸ்கோப் என்ற மெல்லிய கருவி வழியாகவே அகற்றலாம். சிலருக்குக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் வெளியிடும் சின்னச் சாதனமே (காயில்) போதும்.

எனக்குச் செய்த அறுவை தவறு என்று நான் சொல்லவில்லை. என் கட்டிகளுக்கு அதுவே சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் என் உடம்பைப் பற்றிய முடிவில் எனக்குத் தெரியாத பாதி உங்களிடம் இருந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் கேட்கிறேன். இனி உங்களிடம் வரும் பெண்ணுக்குக் கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். எந்தெந்தச் சிகிச்சை அவளுக்குப் பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்று சொல்லுங்கள். உங்கள் மருத்துவமனையில் எம்போலைசேஷன் இல்லையென்றால், அதைச் செய்யும் கதிரியக்கவியல் நிபுணருக்கு (ரேடியாலஜிஸ்ட்) ஒரு கடிதம் கொடுங்கள். அவசரமில்லாதபோது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்லட்டும். அதற்குள் கட்டி ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடாது.

இப்படிக்கு,
உங்களிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஒருத்தி