பத்தின்மேல் பழி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

'நாலு பேர் என்ன சொல்வார்கள்', 'ஒரு பத்துப் பேர் வருவார்கள்' என்றெல்லாம் பேசுவதால் தமிழருக்கு எண்ணில் கறார் கிடையாது என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். வங்கிக் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

கவுண்டரில் 'ஐந்நூறு எடுக்கணும்' என்றால் அது தொகை. 'ரெண்டு ஐந்நூறு குடுங்க' என்றால் அதே சொல் நோட்டின் பெயர். கணக்கில் ஐந்நூறு இருக்க வேண்டும் என்று விதி சொன்னால், ஐயாயிரம் வைத்திருப்பவரும் அதில் அடக்கம். காசோலையில் அந்தத் தாராளம் ஆகாது. 'ஐந்நூறு மட்டும்' என்று எழுதிக் கோடும் இழுத்துவிடுகிறோம்.

இது தமிழின் தனிக்குறை இல்லை. ஜெர்மன் கணிதவியலாளர் ஃப்ரேகே 1884-இலேயே இதைத் தொட்டிருக்கிறார். 'வியாழனுக்கு நான்கு நிலவுகள் உண்டு' என்பதை 'வியாழனின் நிலவுகளின் எண்ணிக்கை நான்கு' என்றும் மாற்றிச் சொல்லலாம் என்றார். முதலாவதில் நான்கு என்பது நிலவுக்கு அடைமொழி. இரண்டாவதில் அதுவே ஒரு பெயராக நிற்கிறது. 1892-இல் ஐந்தாவது நிலவு அகப்பட்டது. இன்று கணக்கு 90-ஐத் தாண்டிவிட்டது. சரி, அவர் சொன்னது பொய்யாகிவிட்டதா? இரண்டாவது வாக்கியம் நிச்சயம் பொய். முதலாவதை, 'நான்கு உண்டுதானே, மேலேயும் உண்டு' என்று வாதாடிக் காப்பாற்றலாம்.

மொழியியலாளர் லாரன்ஸ் ஹார்ன் 1972-இல் அப்படித்தான் வாதாடினார்: சொல்லின் பொருள் 'குறைந்தது நான்கு', 'அதற்கு மேல் இல்லை' என்பது கேட்பவர் ஊகித்துக்கொள்வது. பாப்பாஃப்ராகு, முசொலினோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு இடைஞ்சலாக வந்தது. மூன்று குதிரைகளும் தாண்டிய பிறகு 'சில குதிரைகள் தாண்டின' என்றதைப் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட ஐந்து வயது கிரேக்கக் குழந்தைகள், 'இரண்டு தாண்டின' என்றதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. 'மேல் இல்லை' என்பது வெறும் ஊகம் என்றால், 'சில'வை விட்டதுபோல் இதையும் விட்டிருக்க வேண்டுமே. என் ஓட்டு குழந்தைகளுக்குத்தான். காசாளன் வேறு யாருக்குப் போடுவான்?

அப்புறம், அந்த 'நாலு பேர்'. அங்கே யாரும் தலையை எண்ணுவதில்லை. அது ஊரையே குறிக்கிறது. ஐந்து பேர் என்ன சொல்வார்களோ என்று யாராவது கவலைப்பட்டதுண்டா? 'ஒரு பத்துப் பேர்' என்பதிலும் தோராயத்தைக் கொண்டுவருவது முன்னால் நிற்கும் 'ஒரு'தான். பத்து பாவம், ஒன்றும் செய்யவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
மயிலாடுதுறை.