ஆயாவின் மஞ்சள் பை

ஆசிரியருக்கு,

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, கடலூரில் எங்கள் தெருக் குடிசை எதிலும் கூரை தங்கவில்லை. அடுத்த வாரமே என் ஆயா, அக்கம்பக்கத்தாரின் ரேஷன் அட்டை நகல்களை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு மனு கொடுக்கக் கிளம்பிவிட்டார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். ஆனால் பட்டா இல்லாமல் வீடு வராது, சுவர் எழும்பாமல் தவணை வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேரப்பிள்ளைகள் எட்டுப் பேருக்கும் சோறாக்கிவிட்டுத்தான் புறப்படுவார். திங்கள்கிழமைக் குழம்பில் மட்டும் உப்புக் கரிக்கும். குறைதீர் கூட்டத்துக்குப் போகும் அவசரம்.

போன மாதம் காலமானார்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் இன்று 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் கட்டக் கட்டத்தானே பணம் வருகிறது? அஸ்திவாரத்துக்கே வட்டிக்கு வாங்குகிறவர்கள் எங்கள் தெருவில் இன்னமும் இருக்கிறார்கள். கைம்பெண்களுக்காவது கொஞ்சம் முன்பணம் கொடுங்கள் என்று ஆயா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுவின் நகல் இப்போது என்னிடம் இருக்கிறது. வரும் திங்கள்கிழமை நான் போகிறேன்.

ஒரு பேத்தி,
கடலூர் முதுநகர்