தாதியர் கல்வியும் வீட்டு மருந்தும்

ஆசிரியர் அவர்கட்கு,

தாதியர் பாடத்திட்டத்தில் சித்த, ஆயுர்வேத முறைகளைச் சேர்க்கக் கோரிய தங்கள் தலையங்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் எண்ணெய் உருவக் கற்பிக்க முன்னர் நோயாளியிடம் கேட்கக் கற்பிக்க வேண்டும். மட்டக்களப்பு வைத்தியசாலை விடுதிகளில் "என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்றால் குளிசைகளை மட்டுமே சொல்வார்கள், பாவற்காய்ச் சாறு அவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கு. "வீட்டில வேற என்ன குடிக்கிறீங்க, பூசுறீங்க?" என்று தனியாகக் கேட்டால்தான் வெளிவரும். கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவருக்கு அந்தச் சாறு குருதிச் சீனியை மேலும் இறக்கலாம். குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவர் உள்ளியையோ மஞ்சளையோ மாத்திரையாக விழுங்கினால் இரத்தக்கசிவு அபாயம் கூடும் (கறியில் சேர்வதைச் சொல்லவில்லை). காலின் ஆழ்நாளத்தில் (உள்ளே ஆழமாக ஓடும் குருதிக் குழாயில்) குருதி உறைந்து ஒரு கால் மட்டும் வீங்கியிருக்க, அதை உருவிவிட்டால் உறைகட்டி நுரையீரலுக்குப் போகக்கூடும்.

செய்முறைக்குச் சிறிதாகத் தொடங்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய குமட்டலுக்கு, உள்மணிக்கட்டு மடிப்பிலிருந்து நோயாளியின் மூன்று விரலகலம் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே அழுத்துவது நல்ல முதற்பாடம். குமட்டல் மருந்தை அதற்காக நிறுத்தக்கூடாது. நோயாளியை விடுதியில் அனுமதிக்கும் படிவத்தில் 'வீட்டு மருந்து' என ஒரு வரி சேர்த்து, அதை நிரப்புவதற்கு முதலாம் ஆண்டுச் செய்முறைப் பரீட்சையிலேயே புள்ளி வழங்கலாம்.

தாதியர் போதனாசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.