வடக்குத் தெருவில் ஐவேளைத் தொழுகைக்குச் சிறு பள்ளிவாசல் கட்ட அனுமதி கோரும் மனு (மறு மனு)

அனுப்புநர்:
வடக்குத் தெரு முஸ்லிம் ஜமாஅத்தார்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: ஊராட்சிக் கட்டட விதிகளின்படி பள்ளிவாசல் கட்ட முன் அனுமதி வேண்டுதல் – முந்தைய மனுக்களுக்குப் பதில் இல்லாதது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் நாங்கள் கொடுத்த மனுக்களுக்கு ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புத் துறைக்கு அனுப்பிய மனு "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரியோடு முடித்து வைக்கப்பட்டது. அந்த உரிய அலுவலர் தாங்கள்தான் ஐயா. அதனால் தங்களிடமே மறுபடியும் வருகிறோம்.

எங்கள் ஊரைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழைக்கு முன்னால் பெரிய கண்மாய் மடை வேலையைப் பார்க்க வந்தபோது தங்கள் வண்டி நின்றது எங்கள் தெரு முனையில்தான். அங்கே நின்று பார்த்தால் நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் பழைய பள்ளிவாசலின் மினாரா தெரிந்திருக்கும். கண்ணுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு.

1. நாங்கள் பள்ளிவாசல் கட்டக் கேட்கும் இடம் 6 சென்ட் பட்டா நிலம். ஜமாஅத்தார் சேர்ந்து காசு போட்டு வாங்கியது. புறம்போக்கு இல்லை, நீர்நிலை இல்லை, வழக்கு எதுவும் இல்லை. பத்திரம், வில்லங்கச் சான்று, புல வரைபடம், கட்டட வரைபடம் எல்லாம் முதல் மனுவோடு கொடுத்தாயிற்று. கிராமசபையில் தீர்மானமும் நிறைவேறியிருக்கிறது.

2. கட்டட விதிகளின்படி, வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதிக்குக் கேடு வரும் என்று கருதினால் ஆட்சியர் மறுக்கலாம். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமல் காத்திருக்கிறோம்.

3. இனி எங்கள் கஷ்டத்துக்கு வருகிறோம். சாலை சின்னதாக இருந்த காலத்தில் பெரியவர்கள் பாங்கு சத்தம் கேட்ட பிறகு எழுந்து, ஒளு செய்து (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி), நிதானமாக நடந்து போய் முதல் வரிசையில் நிற்பார்கள். நான்குவழிச் சாலை வந்தது. நடுவே தடுப்புச் சுவர் வந்தது. தெருவுக்கு நேரே விட்டிருந்த இடைவெளியையும் விபத்து நடக்கிறது என்று அடைத்துவிட்டார்கள். சுரங்கப்பாதை கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் அதில் முட்டளவு தண்ணீர். ஆகவே எல்லோரும் தடுப்புச் சுவரில் ஏறித்தான் தாண்டுகிறார்கள். சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் போகும் நேரம் விடியாத இருட்டு. அந்த நேரத்தில்தான் சரக்கு லாரிகள் தூக்கக் கலக்கத்தோடு பறந்து வருகின்றன.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த பெரியவர் அப்படித் தாண்டும்போது அடிபட்டு இறந்தார். கையில் டார்ச் இருந்தது, தலையில் வெள்ளைத் தொப்பி இருந்தது, லாரிக்காரர் கண்ணுக்குப் படவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு மகன்கள் வாசலில் நின்று தகப்பன்களைத் தடுக்கிறார்கள். தனியாகத் தொழுவதைவிடக் கூட்டாகத் தொழுவதற்கு 27 மடங்கு நன்மை என்பது எங்கள் நபிமொழி. வாழ்நாள் முழுக்கக் கூட்டுத் தொழுகை தவறாத மனிதர்கள் இப்போது வீட்டு மூலையில் பாய் விரித்துத் தனியாகத் தொழுகிறார்கள். "என்னை விடுடா, தொழப் போகும்போது உயிர் போனால் போகட்டும்" என்று ஒரு தகப்பன் மகனிடம் கெஞ்சுவதைக் கேட்டால் தங்களுக்கே மனம் தாங்காது.

4. நோன்பு மாதம் வந்தால் இது இன்னும் மோசம். மாலையில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பிள்ளைகள் ஓடுவார்கள். மஃரிபுக்குள் (நோன்பு திறக்கும் அந்தி நேரத்துக்குள்) திரும்ப வேண்டும் என்ற அவசரம், கொதிக்கிற கஞ்சி, நடுவே சுவர். இரவு தராவீஹ் என்ற நோன்பு மாதத் தொழுகை முடிய பத்து மணி ஆகிவிடும். அதுவரை பெண்கள் சாலையோரத்தில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, கணவனும் பிள்ளையும் முழுதாக வந்து சேரட்டும் என்று நிற்பார்கள். நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு 2001 முதல் பச்சரிசி கொடுத்து வருகிறது. நல்ல காரியம். எங்கள் தெருவில் பள்ளி இல்லாததால் அந்த அரிசி எங்கள் பக்கம் வர வழியில்லை. சரி, அரிசியை நாங்கள் வாங்கிக்கொள்வோம் ஐயா. பிள்ளைகள் ரோட்டைத் தாண்ட வேண்டாம், அதுதான் எங்களுக்கு வேண்டியது.

நடைமேம்பாலம் கேட்கலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதையும் கேட்டோம், அப்படித் திட்டம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியே கட்டினாலும் முட்டி தேய்ந்த 75 வயதுக்காரர் ஒரு நாளைக்கு ஐந்து வேளை அத்தனை படி ஏறி இறங்குவாரா? வீட்டில் தொழலாமே என்றார்கள். ஒரு வீட்டுக் கூடத்தில் இருபது முப்பது பேர் சேர்ந்து இஷா என்ற இரவுத் தொழுகையைத் தொழுதோம். அனுமதியில்லாத கூட்டுத் தொழுகை, நிறுத்துங்கள் என்று வருவாய்த் துறையிலிருந்து வந்து சொன்னார்கள். நிறுத்திவிட்டோம். கட்டவும் அனுமதி இல்லை, வீட்டில் கூடவும் அனுமதி இல்லை, ரோட்டைத் தாண்டினால் உயிர் இல்லை. எங்கேதான் தொழுவது ஐயா? சொல்லுங்கள், அங்கே போய்த் தொழுகிறோம்.

5. ஆட்சேபம் வந்திருக்கிறது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் என்கிறார்கள். யார் ஆட்சேபித்தார்கள்? எங்கள் தெருவுக்கு அக்கம்பக்கத்து இந்துக் குடும்பத்தார் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் தங்கள் கோப்பில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். அம்மன் கோவில் முளைப்பாரி எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் வாசல் தெளித்து வைப்பார்கள். எங்கள் பெரியவர் இறந்த அன்று லாரியை மறித்து, ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி வரை கூடப் போனது அந்தக் கோவில் பூசாரியின் மகன்தான். ஆட்சேப மனுவில் இருக்கும் விலாசங்கள் எங்கள் ஊராட்சியிலேயே இல்லாதவை. ஊரில் இல்லாதவருக்கு ஊர் அமைதியைப் பற்றி என்ன கவலை? பிரச்சினை செய்வோம் என்று மிரட்டுபவரைத் தடுப்பதா சட்டம், அமைதியாக மனு கொடுப்பவரைத் தடுப்பதா? 1989-இல் ஒரு தமிழ்த் திரைப்பட வழக்கில், எதிர்ப்பவர்களைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது, உரிமையைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதாக எங்கள் தெரு வக்கீல் தம்பி எடுத்துக் காட்டினார். ஒரு படத்துக்கே அப்படியென்றால், அரசியலமைப்பின் 25, 26-ஆம் பிரிவுகள் நேராகவே கொடுத்திருக்கும் வழிபாட்டு உரிமைக்கு அதைவிடக் குறைவான காவலா?

சத்தம்தான் கவலை என்றால் அதற்கும் எழுதித் தருகிறோம். வெளியே ஒலிபெருக்கி கட்டமாட்டோம். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, நாங்கள் பகலிலும் வேண்டாம் என்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவைப் பகல் வெளிச்சத்தில் பழைய பள்ளிக்கே போய்த் தொழுதுகொள்கிறோம். வெளியூர்க் கூட்டம் வராது, வண்டி நெரிசல் இருக்காது. நாங்கள் கேட்பது ஒரு சின்னக் கூடம், ஒளு செய்ய நாலு குழாய், பிள்ளைகள் உட்கார்ந்து குர்ஆன் ஓத ஒரு திண்ணை. அவ்வளவுதான்.

6. மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் மறுத்துவிடுங்கள். நீதிமன்றத்துக்காவது போவோம்.

ஐயா, மேலே கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டோம் என்று தோன்றினால் மன்னிக்க வேண்டும். தங்கள் மேல் கோபமில்லை. நோன்பு மாதம் மறுபடியும் வரப்போகிறது. அதற்குள் தாசில்தாரையும் காவல்துறையையும் நேரில் அனுப்பி விசாரித்து, கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்தாரையும் கேட்டு, எங்கள் 6 சென்ட் நிலத்தில் பள்ளிவாசல் கட்ட அனுமதி வழங்குமாறு மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அனுமதி வரும்வரை, ஜமாஅத்தார் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் சுபுஹையும் இஷாவையும் மட்டுமாவது சேர்ந்து தொழுவதற்கு வாய்மொழியாக இல்லாமல் எழுத்து மூலம் உத்தரவு தருமாறும் வேண்டுகிறோம். அந்த இரண்டு வேளைதான் இருட்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடக்குத் தெரு ஜமாஅத்தார்
(குடும்பத் தலைவர்களின் கையொப்பங்கள் தனித்தாளில்)